நூற்று மூன்று கசகசா

தொல்லியல்காரி என்று தெரிந்துவிட்டால் யாராக இருந்தாலும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “எத்தனை வருஷப் பழசு?” கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டிருக்கிறார். வில்லியனூர்த் தேரோட்டத்தில் வடத்தைப் பிடித்துக்கொண்டே ஒருவர் கேட்டார். எதன் வயது என்றுகூடச் சொல்லமாட்டார்கள். நான் சொல்லும் எண் பெரிதாக இருந்தால் முகம் மலரும். சிறிதாக இருந்தால் “அவ்ளோதானா?” என்று சாம்பார் வாளியைத் தேடப் போய்விடுவார்கள்.

வெகுநாளாக வெளியே சொல்லாமல் வைத்திருந்ததை எழுதிவிடுகிறேன். எனக்கு அந்தக் கேள்வியில் ஈடுபாடே இல்லை. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிக்குக் கி.மு. 580 என்று 2019இல் அறிக்கை வந்தபோது, நானே குழியில் இறங்கி எடுத்ததுபோலத் தெரிந்தவர்கள் எல்லாம் வாழ்த்து அனுப்பினார்கள். சிவகளைத் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று 2021இல் முதல்வர் சட்டப்பேரவையில் அறிவித்தபோதும் அப்படித்தான். எல்லோருக்கும் நன்றி என்று பதில் போட்டேன். மனசுக்குள் ஓடியது வேறு. கரியை எதால் எடுத்தார்கள், எதில் பொதிந்தார்கள், அடுத்த மண்ணைக் கொட்டுவதற்கு முன் சல்லடையைக் கழுவினார்களா?

இதைப் படித்துவிட்டு என்னைத் தமிழ்த் துரோகிகள் பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம். பெருமைப்பட எனக்கும் ஆசைதான். ஆனால் மாணவர்களுக்கு ஆய்வுக்கூடப் பயிற்சி கொடுக்கிறவளுக்கு ஆண்டு என்பது கடைசி வரி. அதற்கு முந்தைய பக்கங்களை யாரும் புரட்டுவதில்லை என்பதுதான் என் எரிச்சல்.

நான் இளங்கலையில் வேதியியல் படித்து முதுகலைக்கு வரலாற்றுக்குத் தாவியவள். வேதியியல்காரர்களுக்கு நான் ஓடிப்போனவள், வரலாற்றுக்காரர்களுக்கு ஒட்டவந்தவள். அகழாய்வுக் குழிக்குள் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒத்துவரவில்லை. மேலே வந்த மண்ணைக் கொண்டுபோய் அலசுவதில்தான் கை ஓடியது. பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் நுண்ணோக்கிகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. கைகழுவும் தொட்டிக்கு மேல் “மண் கரைக்கக் கூடாது” என்று சீட்டு ஒட்டியிருந்தது. குழாய் அடைத்துக்கொள்ளுமாம். தொல்லியல் பிள்ளைகள் மண் கரைக்காமல் வேறு எதைக் கரைப்பது? மிதப்பு முறை பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி வந்தால் படத்தோடு விடை எழுதிவிடுவார்கள். மிதந்து வந்த விதை ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள். அதனால்தான் பாகூர் கொம்யூனில் இருக்கும் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு அவர்களை அழைத்துப்போக ஆரம்பித்தேன். அங்கே மோட்டார் கொட்டகை இருக்கிறது, தண்ணீர் ஓட வாய்க்கால் இருக்கிறது, திட்டுவதற்கு அம்மா இருக்கிறாள்.

பாகூருக்குப் படிப்பு புதிதில்லை. 1879இல் இங்கே கிடைத்த செப்பேடு, பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் இவ்வூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைக் கொடுத்த செய்தியைச் சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாடம் நடத்த மூன்று ஊர் வருமானம். என் காலத்தில் ஒரு தண்ணீர் டிரம்முக்கு ஒதுக்கீடு வாங்க முடியவில்லை. சொந்தக் காசில்தான் வாங்கினேன்.

கொல்லையில் செய்யும் மிதப்பு வேலை இதுதான். டிரம்மில் முக்கால் அளவு தண்ணீர். மண்ணை அளந்து, மெல்லத் தூவி, அடியில் இருந்து கையால் கலக்க வேண்டும். கல்லும் ஓடும் எலும்பும் கீழே போகும். கருகிய தானியம், கரி, கூடவே நேற்றைய வேர், நத்தைக்கூடு எல்லாம் மேலே வரும். மேல்தண்ணீரைக் கால் மில்லிமீட்டர் கண் உள்ள வலையில் வடித்து, துணியில் முடிந்து, நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் கருகிய விதை சட்டென்று காய்ந்து வெடித்துவிடும். அடியில் தங்கியதையும் தனியாக அலச வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டு சீட்டு, உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டும் பென்சிலில். பேனா மை ஈரத்தில் ஓடிவிடும். சீட்டு இல்லாத மூட்டை எவ்வளவு அழகான விதையை வைத்திருந்தாலும் குப்பைதான்.

திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டாள்: “அரிசி அரிக்கிறதுக்குப் போயி எம்.ஏ. படிக்கணுமா?” கல் அரிப்பதில் அரிசியை வைத்துக்கொண்டு கல்லை விடுவோம். இங்கே இரண்டையும் வைத்துக்கொள்கிறோம். மற்றபடி அம்மா சொன்னதில் தப்பில்லை. மணிக்கட்டைச் சுழற்றும் விதத்தை என் மாணவர்கள் அவளிடம்தான் கற்றார்கள்.

பழைய மண்ணை முதலிலேயே யார் கையிலும் கொடுக்கமாட்டேன். வரப்போரத்து மண்ணை எடுத்து, அதில் நூறு கசகசாவைக் கருக்கிக் கலந்து கொடுப்பேன். கசகசாச் சோதனை என் கண்டுபிடிப்பில்லை. தாவரத் தொல்லியலில் உலகெங்கும் செய்கிறார்கள். கசகசா பொடிசு, எண்ணிப் போடலாம், பாகூர் வயலில் தானாக முளைத்திருக்க வாய்ப்பில்லை. நூறு போட்டால் எத்தனை திரும்பி வருகிறது என்று பார்த்தால், கலக்கிய கையின் லட்சணம் தெரிந்துவிடும்.

முதல் முறை செய்பவர்களுக்குப் பாதிகூட வராது. டிரம் சுவரில் ஒட்டியிருக்கும், கரையாத மண்கட்டிக்குள் மாட்டியிருக்கும். ஒரு பையனுக்கு நகக்கண்ணில் இருந்தது. கொஞ்சம் பழகினால் எண்பது, தொண்ணூறு வரை போகும். அப்படி ஒரு மதியம், எல்லோரும் தட்டில் பரப்பி ஊசிமுனையால் எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள்.

“மேம், நூத்தி மூணு வருது.”

“திரும்ப எண்ணு.”

எண்ணினாள். நூற்று மூன்றுதான். பக்கத்தில் இருந்த தோழி குரலைத் தாழ்த்தி, “தொண்ணூத்தி ஏழுன்னு எழுதுடி” என்றாள். என் காதில் விழுந்தது.

தொண்ணூற்றேழு என்று எழுதியிருந்தால் நான் அவளைத்தான் பாராட்டியிருப்பேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்திலேயே சிறந்த எண் அதுவாக இருந்திருக்கும். அவள் எழுதவில்லை. போட்டதைவிட அதிகமாக எடுத்த அசட்டுத்தனத்தை அப்படியே நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்திருந்தாள். அவள் வயதில் நானாக இருந்திருந்தால் தொண்ணூற்றேழு என்றுதான் எழுதியிருப்பேன். எனக்கு அப்போது மதிப்பெண் பெரிது, ஆசிரியரின் முகம் அதைவிடப் பெரிது. இதை அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். சிரித்தாள், நம்பினாளா என்று தெரியாது.

வலையை எடுத்து லென்ஸில் பார்த்தோம். விளிம்பில் துணி தைத்த மடிப்புக்குள், முந்தைய மாணவனின் கசகசா இன்னும் சில ஒட்டியிருந்தன. அவன் வலையை உதறினானே தவிர, புரட்டிக் கழுவவில்லை. சரி, மூன்று வெளியாள் என்று நான் முடிக்கப் போனேன். அவள் விடவில்லை. “அப்போ என்னோட நூறுல எத்தனை வந்துச்சு மேம்?”

பதில் இல்லை. அவளுடையது நூறும் வந்து வெளியாள் மூன்றாக இருக்கலாம். அவளுடையது எழுபது வந்து வெளியாள் முப்பத்து மூன்றாகவும் இருக்கலாம். கருகிய கசகசாவில் பெயர் எழுதியிருக்காது. மண் போச்சு, உழைப்பு போச்சு, மொத்தத்தையும் கொட்டிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். அன்று மாலை தேநீர் கசந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட அதற்குப் பிறகு வலையைக் கழுவாமல் வைத்ததில்லை. நான் எத்தனை வகுப்பில் தொண்டை கிழியக் கத்தியிருந்தாலும் அது நடந்திருக்காது.

கசகசாவாக இருக்கப்போய் ஒரு மதியத்தோடு போயிற்று. இப்போதெல்லாம் கரிமக் காலக்கணிப்புக்குக் கைப்பிடிக் கரி தேவையில்லை. முடுக்கி நிறை நிறமாலை முறையில் ஒரே ஒரு நெல்மணி போதும். கீழடிக் கரி போனது அமெரிக்காவில் புளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வுக்கூடத்துக்கு. அங்கே இயந்திரம் பிசகாது. வந்த மணியை நேர்மையாக அளந்து சொல்லும். அந்த மணி எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியது இங்கே டிரம்மைக் கலக்கியவர்.

பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில், புதுச்சேரிப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையின் கா. ராஜன் 2009இலும் 2010இலும் அகழ்ந்தபோது, ஈமச்சின்னம் ஒன்றில் நாலு கால் சாடிக்குள் சுமார் இரண்டு கிலோ நெல் இருந்தது. அதற்குக் கி.மு. 490 என்று வந்தது. மாணவர்களுக்கு நான் அதை எடுத்துக்காட்டாகச் சொல்வது ஆண்டுக்காக இல்லை. சாடிக்குள் வைத்து, கல்லறைக்குள் மூடி, அப்படியே இருந்த நெல் அது. மேல் மண்ணில் இருந்து வந்து விழுந்ததோ என்ற சந்தேகத்துக்கு இடம் குறைவு. ஊர் மேட்டு மண்ணில் சிதறிக் கிடக்கும் ஒற்றை மணிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எங்கள் வயலில் எலி வளை வெட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இருளர் வீட்டுப் பெரியவர் ஒருவர் வரப்பில் வளையைத் தோண்டிக் காட்டினார். முழங்கை ஆழத்துக்கும் கீழே, அந்தப் பட்டத்து நெற்கதிர் கொத்துக் கொத்தாக அடுக்கியிருந்தது. எலி கொண்டுபோன நெல்லை எடுத்துக்கொள்வது அவர்களுக்குப் பழக்கம். என் மாணவர்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். இந்த வருஷத்து நெல் எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்தைய அடுக்குக்குள் உட்கார்ந்திருக்கிறது. அது கருகாத நெல் என்பதால் பிழைத்தோம். அந்த வயலில் வைக்கோலைக் கொளுத்தி, கருகிய மணி வளைக்குள் விழுந்திருந்தால்? அடுக்கை மட்டும் நம்பி, அதில் கிடந்த விதைக்கும் அதே வயது என்று எழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதை எந்தப் புத்தகமும் அந்த வளையைப்போலச் சொன்னதில்லை.

ஆண்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், யாரும் விரும்பிக் கேட்பதில்லை என்றாலும். ஆய்வுக்கூடம் தருவது தனி ஆண்டு இல்லை, ஒரு வரம்பு. காற்றில் இருக்கும் கதிரியக்கக் கரிமம் எல்லாக் காலத்திலும் ஒரே அளவாக இருந்ததில்லை. அதனால் மரவளையங்களோடு ஒப்பிட்டு அளவைத் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தக் கோடு ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை தட்டையாகக் கிடக்கிறது. ஆகவே கி.மு. 700இல் விளைந்த நெல்லும் கி.மு. 450இல் விளைந்த நெல்லும் கிட்டத்தட்ட ஒரே அளவைக் காட்டக்கூடும். நம் சண்டைகளில் முக்கால்வாசி அந்த நானூறு ஆண்டுக்குள்தான் நடக்கிறது. செய்தித்தாளில் வரும்போது வரம்பு உதிர்ந்து ஒற்றை எண் மட்டும் மிஞ்சுகிறது.

விதையைவிட ஓட்டில்தான் பிள்ளைகளுக்கு ருசி அதிகம். ஓட்டுக்கு வில்லியனூர் போவோம். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதில் பெயர் பெற்ற முனுசாமி கிருஷ்ணபக்தர் பத்மஸ்ரீ வாங்கியவர். நான் போவது விருது எதுவும் வாங்காத, அகலும் சட்டியும் வனையும் ஒருவரிடம். களிமண்ணில் மணல் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு, மணலே சேர்க்காதது என்று சின்னச் சின்ன வில்லைகள் செய்து சுட்டுத் தரச் சொன்னேன். செய்தார். பிள்ளைகள் எதிரிலேயே எல்லாவற்றையும் உடைத்ததும் அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. “காசு குடுத்து வாங்கி ஒடைக்கிற ஜனத்த இப்பதான் பாக்குறேன்.”

உடைத்த துண்டை நிலவியல்காரர்களிடம் கெஞ்சி அறுத்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்தோம். அந்தத் தடிமனில் மணல் துகள் வழியாக வெளிச்சம் போகும். முனைவாக்க நுண்ணோக்கியில் குவார்ட்ஸ் சாம்பல் நிறமாகத் தெரியும், எண்ணலாம். எந்தத் துண்டு எது என்று மாணவர்களுக்குச் சொல்லவில்லை. எழுத்து மட்டும் போட்டிருந்தேன். எண்ணி முடித்து வரிசை போட்டார்கள். ஒரு துண்டில் தகராறு. மணலே சேர்க்காதது என்று என் குறிப்பில் இருந்த துண்டில், ஏராளமான துகள் இருப்பதாக ஒரு குழு சாதித்தது.

துண்டுகளோடு வில்லியனூருக்கே திரும்பப் போனோம். அவர் உடைந்த விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார்.

“இதுல நான் மணல் போடல டீச்சர். மண்ணே அப்படி. முன்ன எடுத்த மண்ணு தீந்துபோச்சு, இது வேற ஏரி மண்ணு. தன்னால நறநறங்கும்.”

அப்படியானால் மாணவர்கள் எண்ணியது சரி. அவர்கள் பார்க்க வேண்டியிருந்தது எண்ணிக்கையை இல்லை, துகளின் உருவத்தை. குயவர் சலித்துச் சேர்த்த ஆற்று மணல் ஏறக்குறைய ஒரே அளவில், விளிம்பு மழுங்கி, களிமண்ணில் இருந்து தனித்துத் தெரியும். மண்ணோடு பிறந்த துகள் பொடியில் இருந்து பெரிது வரை எல்லா அளவிலும் விரவியிருக்கும். திரும்ப நுண்ணோக்கிக்குப் போய்ப் பார்த்தார்கள், அப்படியே இருந்தது. சேர்த்த மணலா, உடன்பிறந்த மணலா என்பது பானையோட்டு ஆய்வில் இன்றைக்கும் தலைவலி பிடித்த கேள்வி. செய்தவரே எதிரில் உட்கார்ந்து பதில் சொல்லும் வாய்ப்பு ஈராயிரம் ஆண்டு பழைய ஓட்டுக்குக் கிடைக்காது. அதனால்தான் முதலில் உயிரோடு இருக்கிறவரின் ஓடு.

அதற்கப்புறம்தான் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டைப் பற்றிப் பேசுவேன். 1945இல் அங்கே அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் பயிற்சியின் அருமை அறிந்தவர். முந்தைய வருஷமே தட்சசீலத்தில் பள்ளி நடத்தி இளைஞர்களைத் தயார் செய்தார். ஆனால் அப்போது கரிமக் காலக்கணிப்பே கிடையாது. அமெரிக்க வேதியியலாளர் லிபி அதைக் கொண்டுவந்தது 1949இல். வீலர் இத்தாலியின் அரெட்சோ பானைகளை வைத்துத்தான் காலம் சொன்னார். உட்புற அடியில் வட்ட வட்டமாகப் புள்ளிக் கோடு ஓடும் ரௌலட்டட் தட்டுகளின் நுட்பம் மத்தியதரைக்கடல் பக்கம் இருந்து வந்தது என்று கருதினார். 1989இல் இருந்து அங்கே மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லி அது இந்தியச் சரக்குதான் என்று வாதிட்டார். 1997இல் புனே டெக்கான் கல்லூரியின் விஸ்வாஸ் கோக்தே எக்ஸ்கதிர் விளிம்பு விலகலில் களிமண்ணையே ஆராய்ந்து, அது வங்காளத்துச் சந்திரகேதுகட், தாம்லுக் பகுதி மண் என்று எழுதினார். ரோமானியத் தட்டு என்று பார்த்தது வங்காளம் வரை வந்துவிட்டது. வில்லியனூர்ச் சில்லை உடைத்துப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த வழக்கின் ருசி ஒரே நிமிடத்தில் பிடிபடும். படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு இதுவும் ஐந்து மதிப்பெண் கேள்வி.

எல்லா ஒப்பீட்டுக்கும் முன்மாதிரி வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான மகரந்தச் சில்லுகள் இருக்கின்றன. அதைக் கட்டி வளர்த்தவர்களில் முதன்மையான தணிகைமணி 1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் இறந்துபோனார். அவர் சேர்த்த சில்லுகளை இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள். எங்கள் கொல்லையில் இருப்பது ஹார்லிக்ஸ் பாட்டில் வரிசை. சாமை, தினை, வரகு, குதிரைவாலி, எங்கள் பக்கத்து நெல், களைவிதை, ஒவ்வொன்றிலும் கருக்கியது பாதி, கருக்காதது பாதி. மணல் நிரப்பிய டின்னுக்குள் புதைத்து, காற்றுப் புகாமல் மூடி, விறகடுப்பில் கருக்குகிறோம். மூடாமல் வைத்தால் சாம்பல்தான் மிஞ்சும். கையால் அடித்துப் பிரித்த நெல்லின் காம்புத் தழும்பு பிய்ந்து கரடாக இருக்கும், தானாக உதிரும் காட்டு நெல்லின் தழும்பு வழுவழுப்பாக இருக்கும். லென்ஸில் இந்த வேற்றுமையை முதலில் பார்த்துச் சொன்னது, களத்துமேட்டில் நெல்லடித்து வளர்ந்த சேலியமேட்டுப் பையன். நகரத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

வரலாற்றுத் துறை வைத்திருக்கும் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு விண்ணப்பம். டிரம், வலைத்துணி, ஒரு நல்ல லென்ஸ், கால் கிலோ கசகசா எல்லாம் சேர்ந்தாலும் ஒருநாள் கருத்தரங்கின் பதாகைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவு ஆகாது. அடுத்த கருத்தரங்கின் பொன்னாடைக் காசை அதற்குக் கொடுங்கள். அலமாரிச் சாவியையும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். மண் கரைக்க உங்களிடம் தொட்டி இல்லை என்றால் பாகூருக்கு அனுப்பிவையுங்கள், எங்கள் கொல்லையில் இடம் இருக்கிறது. காலையிலேயே வரச் சொல்லுங்கள், மதியத்துக்கு மேல் மோட்டாருக்கு மின்சாரம் இருக்காது.